கருப்பசாமிக்கு நேர்ந்த பானை

எங்கள் கருப்பசாமி குடித்து வந்தவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. தாத்தா காலத்தில் அவருடைய கலயத்தில் பனங்கள் ஊற்றினார்கள். கள் இறக்குவது நின்ற பிறகு, கண்மாய்க்கு அந்தப் பக்கம் யாரோ காய்ச்சிய சாராயம் சில காலம் ஓடியது. அரசாங்கமே கடை திறந்தபின் பிராந்திக்கு மாறினார்கள். சாமி எந்த மாற்றத்துக்கும் முகம் சுளித்ததாகத் தகவல் இல்லை. நான்காவதாக ஒன்று அந்தக் கலயத்தில் விழுந்தது நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டின் மாசிக் களரியில். பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலில் கூடும் விழாவை எங்கள் பக்கம் களரி என்போம்.

ஆண்டு எது என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. நான் அப்போது ஆறாம் வகுப்பு என்பது அம்மாவின் கட்சி. ஆறாம் வகுப்புக்கு நான் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போகத் தொடங்கிவிட்டேன். என் உள்ளங்கை ஊதா நிறமாக இருக்கிறதென்று எழுப்பி நிறுத்தி விசாரித்தவரோ உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. ஆகவே ஐந்தாம் வகுப்புதான். கை ஊதாவான மாதம் தை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கையை ஊதாவாக்கியது திராட்சை. திருச்சுழிக்குக் கிழக்கே, வீரசோழன் பஸ் போகும் பாதையில் இருக்கும் எங்கள் ஊரில், அதற்கு முன் திராட்சையைச் சந்தையில் பார்த்தவர்கள்தான் உண்டு. கொடியில் பார்த்தவர் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறவர். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது எல்லாரும் கொண்டுவரும் பெட்டியும் கம்பளியும் அவரும் கொண்டுவந்தார். கூடவே ஒரு யோசனையையும் கொண்டுவந்தார்.

கடைசியாக அவர் லடாக்கில் இருந்தார். மலைகளுக்கு மேலே ஒரு பாலைவனம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது ஊரில் நம்பாமல் சிரித்தார்கள். அங்கே மலையில் மரமே கிடையாதாம். மழையும் கிடையாதாம். பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, பள்ளத்தாக்கில் கல்லுக்கு நடுவே திராட்சை வளர்க்கிறார்களாம். உரமும் மருந்தும் அந்த ஊர்ப்பக்கமே வந்ததில்லையாம். பறித்த பழத்தை நசுக்கி வைத்தால் போதும், எதையும் சேர்க்க வேண்டாம், பழத்தோலில் ஒட்டியிருப்பதே புளிக்க வைத்து ஒயினாக்கிவிடும் என்றார். பழத்தோலில் வாழும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்து நான் புத்தகங்களில் படித்தபோது, மாமா ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

“அங்க விளையுதுன்னா இங்க ஏன்க்கா விளையாது?” என்று அம்மாவிடம் கேட்டார். “நம்மகிட்ட அந்தக் குளிரு மட்டுந்தான் இல்ல. மத்ததெல்லாம் இருக்கு. மழையில்ல, மரமில்ல, கல்லு கெடக்கு.”

“இல்லாததையெல்லாம் இருக்குன்னு எண்ணுறாரு உன் தம்பி” என்றார் அப்பா.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. குடி என்ற சொல் எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் உச்சரிக்கப்படும். தாத்தா குடித்து விற்ற நிலத்தின் வரப்பு வழியாகத்தான் நாங்கள் எங்கள் தோட்டத்துக்கே நடந்து போக வேண்டும். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் அப்பாதான் கருப்பசாமிக்குச் சாமியாடி. களரி அன்று சாமி அவர்மேல் இறங்கி, கலயம் நிறையப் பிராந்தி குடிக்கும். அதைக் குடிப்பது சாமி, அப்பா அல்ல. சாமி மலையேறியபின் அப்பாவின் வாயில் வாடைகூட இருக்காது என்று பெண்கள் சொல்வார்கள். நான் முகர்ந்து பார்த்ததில்லை. முகர வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

மாமாவின் பங்கு நிலம் வானம் பார்த்த கரிசல். கிணறு எங்களுடையது. அம்மா என்ன சொன்னாளோ, கிணற்றுக்கு வடக்கே மிளகாய் போடும் ஒரு துண்டை அப்பா மாமாவுக்கு விட்டுக்கொடுத்தார். மாமா கம்பத்துக்குப் போய்ப் பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கால் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். கோடையில் கீதாரிகள் ஆடு ஓட்டி வந்தபோது, அந்தத் துண்டில் இரவெல்லாம் ஆட்டுக்கிடை போட வைத்தார். மந்தை படுத்து எழுந்த மண்ணை மறுநாள் கையில் அள்ளி, நல்ல அல்வாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேப்பம்புண்ணாக்கு போட்டார். வேறு எதுவும் போடவில்லை.

“மருந்தடிக்காம திராட்சையா மாப்ள? கம்பத்துக்காரன் வாரத்துக்கு வாரம் அடிக்கிறானே” என்றார் அப்பா.

“அங்க மழையும் ஈரமும் உண்டு மச்சான். அதான் பூசணம் புடிக்குது. நமக்குத்தான் காத்துல ஈரமே இல்லையே. மருந்து எதுக்கு?”

எங்கள் ஊரில் ஈரம் இல்லை என்பதை ஒருவர் நல்ல செய்தியாகச் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வெயிலில் நின்றுகொண்டு அதை அவர் சொன்ன விதத்தில், எங்களைப் பார்த்து மற்ற ஊர்கள் பொறாமைப்பட வேண்டும்போல் இருந்தது.

கொடி காய்க்கத் தொடங்கிய அந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையும் தூறலோடு போனது. கொத்தமல்லி விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவும் பார்த்தார், ஆனால் மேகம் திரண்டால் அவர் முகம் வாடியது, கலைந்தால் தெளிந்தது. பிஞ்சும் பூவுமாக இருக்கும் கொடிக்கு மழை ஆகாது. இந்தச் சந்தோஷத்தை எப்படியாவது மறைத்துவிட அவர் பட்ட பாட்டை நான் கவனித்திருக்கிறேன். அப்பாவும் கவனித்திருக்கிறார்.

“என்ன மாப்ள, மேகம் கலஞ்சதும் முகத்துல ஒரு களை வருதே?”

“அப்படியெல்லாம் இல்ல மச்சான்.”

“எங்க மல்லி காஞ்சாத்தான் உங்க பழம் இனிக்கும்போல.”

அதற்குப் பிறகு அப்பா அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எல்லாம் அம்மா வழியாகத்தான்.

தை மாதம் பழம் கறுத்தது. எங்கள் வீட்டுப் பழம் சின்னது. தோல் தடிப்பு, கொட்டை அதிகம், இனிப்புக்குக் குறைவில்லை. சட்டி சட்டியாகப் பறித்தோம். லடாக்கில் காலைக் கழுவிக்கொண்டு தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள் என்று மாமா சொன்னதும் அம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“திங்கிற பொருள்ல காலு வைப்பாகளா? எந்த ஊருடா அது?”

கையால்தான் பிசைந்தோம். என் உள்ளங்கை விசாரணைக்கு உள்ளானது அப்படித்தான். பிசைந்ததைத் தோலும் சாறுமாக இரண்டு புதுப் பானைகளில் ஊற்றி, கிணற்றடி மோட்டார் ரூமில் ஈரச் சாக்குச் சுற்றி வைத்து, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டினார் மாமா. பானையில் காதை வைத்தால் உள்ளே யாரோ மெதுவாகப் பேசிக்கொள்வதுபோல் கேட்கும். மாமா தினமும் துணியை அவிழ்த்து, மிதக்கும் தோலை அகப்பைக் காம்பால் அமுக்கிவிடுவார்.

பென்ஷன் வேலையாக அவர் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா போய்ப் பார்த்தபோது துணியின்மேல் பொடி ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. எங்கள் வீடுகளில் பானையில் எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் செய்வது ஒன்றுதான். விதைத் தானியத்துக்குச் செய்வதுபோல மூடி போட்டு, களிமண்ணும் சாணியும் குழைத்துக் காற்றுப் புகாமல் மெழுகிவிடுவது. அதில் அம்மாவின் கை சுத்தம் ஊரறிந்தது. முதல் பானையை ஊசிமுனை இடுக்குக்கூட இல்லாமல் மெழுகி முடித்தாள். இரண்டாவதைத் தொடும்போது மோட்டாருக்குக் கரண்டு வந்தது. கரண்டு வந்தால் மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்ச ஓடினாள். எங்கள் குடும்பத்தின் வரலாற்றில் மின்சார வாரியத்துக்கு நாங்கள் நன்றி சொல்லக்கூடிய சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் அப்பா மோட்டார் ரூமுக்குள் நிழலுக்கு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முதல் பானை வெடித்தது.

மூடி தகரக் கூரையில் மோதிய சத்தம் கண்மாய்க் கரைவரை கேட்டது என்பார்கள். நான் கொய்யா மரத்தடியில் இருந்தேன். அப்பா வெளியே வந்தார். வெள்ளைப் பனியன் முழுக்க, தலைமுடியில், மீசையில், எல்லாம் சிவப்பு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த பெரியப்பா, அப்பாவின் பங்காளி அண்ணன், அதைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அய்யய்யோ, என் தம்பிய வெட்டிப்புட்டாகளே!”

அப்பா மீசையைத் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். பெரியப்பா கிட்டே போய் முகர்ந்தார்.

“ஏலே, ரத்தமில்லடா. சரக்கு!”

பொழுது சாய்வதற்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாமியாடி வீட்டுத் தோட்டத்தில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். பட்டாளத்துக்காரர் குண்டு செய்கிறார் என்று இன்னொரு வீட்டில். அப்பாவுக்கு இரண்டாவது வதந்தி எவ்வளவோ பரவாயில்லை. அவர் குளித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்: “இருக்கிற இன்னொண்ணையும் குப்பையில கொட்டிரு. நாளைக்குக் கொடிய வெட்டுறேன். மிளகா வைக்கிற எடம் அது.”

“அது சாராயமில்லைங்க, ஒயினுன்னு…”

“சாராயத்துக்கு இங்கிலீசுல பேரு வச்சா பாலாயிருமா?”

அம்மா உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்துத் தோட்டத்துப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். பானையைத் தானே உடைத்துவிட அப்பா மண்வெட்டியோடு மோட்டார் ரூமுக்கு வந்தபோது இரண்டாவது பானையின் கழுத்தில் மஞ்சள் துணி முடிந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான். சாமிக்கு நேர்ந்துவிட்டது. ஆடானாலும் கோழியானாலும் பானையானாலும் சாமி முன்னால் போய்ச் சேரும்வரை மனுசன் அதை எடுத்துக்கொள்ளவோ அழிக்கவோ கூடாது.

“என்ன இது?”

“கருப்பசாமிக்கு நேர்ந்தது. களரியில கலயத்துல ஊத்துறேன்னு.”

“எப்ப நேர்ந்த?”

“பழம் பறிச்ச அன்னைக்கே.”

துணியிலிருந்து மஞ்சள் தண்ணீர் பானையின் வயிற்றில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அம்மாவின் விரல்களைப் பார்த்தார். அவையும் மஞ்சள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

“சரி. சாமிக்கிட்டயே விடுவோம். சாமி ஏத்துக்கிட்டா கொடி இருக்கட்டும். துப்பிருச்சுன்னா மறுநாளே வேரோட புடுங்குவேன். உன் தம்பிக்கிட்ட சொல்லிரு.”

மதுரையிலிருந்து வந்த மாமா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கொடிக்கடியில் நின்றார். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. “சாமிக்கு இது புதுசுக்கா. பிராந்தி குடிச்ச வாயி. புளிக்கும்” என்று மட்டும் சொன்னார். பானைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். யாரும் மெழுகிவிடாமல் இருக்க என்று அவர் சொல்லவில்லை; அம்மாவுக்குப் புரிந்தது.

களரி வந்தது. முதல் நாள் இரவு பூசை முடிந்து, மறுநாள் பகலில்தான் சாமி இறங்கிப் படையல் ஏற்கும். கண்மாய்க் கரைக் கோயிலுக்கு மாமா பானையை டிராக்டரில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளத்தில் டிராக்டர் குதித்தபோதெல்லாம் பானைக்குப் பதில் அவர் குதித்தார். கோயிலில் வைத்துத் துணியில் வடித்து ஒரு செம்பில் எடுத்தார். வெயிலில் அந்தச் செம்பைச் சாய்த்துப் பார்த்தபோது, கறுப்பாக இருந்தது விளிம்பில் நாவற்பழச் சாறு நிறமாக ஒளிர்ந்தது. அவ்வளவு அழகான எதையும் அதுவரை எங்கள் மண்ணிலிருந்து யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

பெரியப்பா வேட்டி மடிப்பிலிருந்து பிராந்திப் பாட்டிலின் கழுத்தை மட்டும் காட்டினார்.

“மாப்ள, கோவிச்சுக்கிராதீக. சாமிக்குச் சுத்தப்படலேன்னா கையில ஒண்ணு இருக்கணும்ல. மில்டரி சரக்கு தருவீகன்னு ஊரே காத்துக் கெடந்தா, நீங்க கசாயம் கொண்டாந்திருக்கீக.”

உறுமி மேளம் ஏறியது. அப்பா கச்சை கட்டி, கையில் அரிவாளோடு நின்றிருந்தார். ஒரு நடுக்கம் காலில் தொடங்கித் தோளுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் அப்பா இல்லை. முகமே வேறாக இருந்தது. “ஏலே!” என்ற சத்தத்தில் குழந்தைகள் எல்லாம் அம்மாக்களின் சேலைக்குள் போனோம்.

பூசாரி கலயத்தில் மாமாவின் ஒயினை ஊற்றி நீட்டினார். சாமி வாங்கியது. ஒரே மூச்சில் குடித்தது. உறுமிக்காரர் கையை நிறுத்திவிட்டார். சாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மாமா கோயில் மரத்தின் பின்னால் பாதி மறைந்து நின்றார். மூன்று ஆண்டு உழைப்பு சாமியின் வாய்க்குள் இருந்தது. பெரியப்பாவின் கை மடிப்புக்குப் போனது.

“இது எந்த ஊருச் சரக்குடா?” என்றது சாமி.

அம்மா முன்னால் வந்தாள்.

“நம்ம புஞ்சையில விளைஞ்சது சாமி.”

“தண்ணி?”

“நம்ம கெணத்துத் தண்ணி சாமி.”

“மருந்தடிச்சீகளா?”

“இல்ல சாமி. ஆட்டுக்கிடை போட்டு வந்தது.”

சாமி தலையை ஆட்டியது. பிறகு கலயத்தை மறுபடியும் நீட்டியது.

கூட்டத்தில் குலவைச் சத்தம் கிளம்பியது. பூசாரி கலயம் நிறைய ஊற்றினார். இரண்டாவது கலயத்தைச் சாமி ஒரே மூச்சில் குடிக்கவில்லை. நிறுத்தி நிறுத்திக் குடித்தது. மரத்தடியிலிருந்து மாமாவை இழுத்துவரச் சொல்லி, நெற்றி நிறையத் திருநீற்றை அப்பியது. “கொடி நிக்கட்டும். மாசிக்கு மாசி எனக்கு இதான்” என்றது. மாமா தரையில் விழுந்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. எங்கள் கரிசலில் விளைந்த ஒன்றை எங்கள் சாமி கேட்டு வாங்கிக் குடித்ததைப் பார்த்து நான் அன்று அடைந்த பெருமைக்கு இணையாக, பிற்காலத்தில் எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த ஒயினை நானும் பல ஆண்டுகள் கழித்துக் குடித்துப் பார்த்திருக்கிறேன். புளிப்பு தூக்கல், அடியில் கொஞ்சம் துவர்ப்பு. மோசமில்லை.

சாமி மலையேறியது. அப்பா துவண்டு உட்கார்ந்தார். சாமி வந்து போனதில் சாமியாடிக்கு எதுவும் நினைவிருக்காது. அதனால் ஒவ்வொரு களரியிலும் தண்ணீர் குடித்தவுடன் அவர் அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். அன்றும் கேட்டார்.

“சாமி என்ன சொல்லுச்சு?”

“ஏத்துக்கிருச்சு” என்றாள் அம்மா. “கொடி நிக்கட்டும்னு உத்தரவு.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். எதிரே திருநீறும் கண்ணீருமாக நின்ற மாமாவைப் பார்த்தார். சில மாதங்களுக்குப் பிறகு நேராகவே பேசினார்.

“என்ன மாப்ள, நிக்கிறீக? ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சதுக்கப்புறம் நாம சொல்ல என்ன இருக்கு? வந்து உக்காருங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்று இடித்தது. சாமி இரண்டாவது முறை கேட்டதை அப்பாவிடம் யாரும் சொல்லவே இல்லையே. டிராக்டரில் ஆடி ஆடி வந்தபடி யோசித்து, விடையைக் கண்டுபிடித்து, அம்மாவின் காதில் சொன்னேன்.

“மலையேறுறதுக்கு முன்னாடி சாமியே அப்பாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கும், இல்லம்மா?”

“ஆமாத்தா” என்றாள் அம்மா. “அப்படித்தான் இருக்கும். நீ யாருகிட்டயும் கேக்காத.”